ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்ட மூன்று கேள்விகள்: பல்லுறுப்புக் கோவைக்கு வகுத்தலில் மட்டும் ஏன் அடைவுப் பண்பு இல்லை?

நாகலூர் டியூஷன் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடியிருக்கிறேன். சாயங்காலத்தில் வீட்டுத் திண்ணையில் எட்டு, ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நான் படித்தது பி.காம். கணக்கு பிடிக்கும், போடவும் வரும், ஆனால் "ஏன்?" என்று இரண்டாவது தடவை கேட்டால் திணறுவேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா காபித் தோட்டத்து வேலை. இப்போது பழம் பறிக்கிற சீசன். பெரியவர்கள் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது, அதனால் பிள்ளைகள் திண்ணையை விட்டு நகர்வதே இல்லை. கேள்விகளும் கூடிவிட்டன.

விஷயத்துக்கு வருகிறேன். (போனில் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டச் சிரமமாக இருக்கிறது. மாறியை "ம" என்றே எழுதுகிறேன். நீங்களும் அப்படி எழுதினால் பிள்ளைகளிடம் காட்ட வசதி.)

என்னிடம் இருக்கும் கைடில் ஒரே ஒரு வரி: பல்லுறுப்புக் கோவைகள் (3ம² + 2ம போன்றவை) கூட்டல், கழித்தல், பெருக்கலில் அடைவுப் பண்பு உடையவை, அதாவது எந்த இரண்டை எடுத்துச் செய்தாலும் விடையும் பல்லுறுப்புக் கோவையாகவே வரும்; வகுத்தலில் இல்லை. அதை அப்படியே சொல்லிக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உடனே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, (ம² − 1) ÷ (ம − 1) போட்டா ம + 1 வருது. அதுவும் பல்லுறுப்புக் கோவைதானே? அப்புறம் ஏன் வகுத்தல்ல இல்லைங்கறாங்க?"

சரி என்று யோசிப்பதற்குள் அடுத்தது. "3ம² + 2ம-ல இருந்து அதையே கழிச்சா 0 வருது. அதுல 'ம'வே இல்லையே. 0 பல்லுறுப்புக் கோவையா?"

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய தலைவலி. ம³ + 4ம, −ம³ + 7 இரண்டையும் கூட்டினாள். 4ம + 7 வந்தது. (கோவையில் உள்ள மிகப் பெரிய அடுக்குதான் அதன் படி.) "ரெண்டும் மூணாம் படி. கூட்டினா ஒண்ணாம் படி ஆயிடுச்சு. அப்ப கூட்டல்லயும் அடைவுப் பண்பு இல்லைன்னு சொல்லலாமா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். எங்கள் பக்கம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தால்தான் சிக்னல் கிடைக்கும், பதில் போடத் தாமதமானால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.


அஸ்தம்பட்டி என்ஜினியர்:

மேடம், ரொம்ப யோசிக்காதீங்க. 1-உம் பல்லுறுப்புக் கோவை, ம-உம் பல்லுறுப்புக் கோவை. 1 ÷ ம அப்படி இல்லை. எதிர் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது, ஆகவே வகுத்தலில் அடைவுப் பண்பு இல்லை. பரீட்சையில் இவ்வளவு எழுதினால் போதும். 0 ஒரு பல்லுறுப்புக் கோவைதான். மூன்றாவது கேள்விக்குப் பதில்: படி குறைந்தாலும் பல்லுறுப்புக் கோவை பல்லுறுப்புக் கோவைதான். முடிந்தது.


கன்னங்குறிச்சி கணக்கு வாத்தியார்:

தம்பி சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது "ஏன்". அதற்குப் பதில் வரவில்லை. பணி ஓய்வு பெற்றுவிட்டேன், மூக்கனேரிப் பக்கம் நடந்துவிட்டு வந்தால் வேறு வேலை கிடையாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் அம்மா.

முதலில் மூன்றாவது கேள்வி. அதைத் தீர்த்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரி. அடைவுப் பண்பு என்பது தனியாக ஒரு கூட்டலுக்கோ தனியாக ஒரு கணத்துக்கோ இருக்கிற குணம் கிடையாது. கணத்தையும் செயலையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்: இந்தக் கணத்திலிருந்து எந்த இரண்டை எடுத்து இந்தச் செயலைச் செய்தாலும், விடை அதே கணத்துக்குள் விழுமா? அந்தப் பெண் தனக்குத் தெரியாமலே கணத்தை மாற்றிவிட்டாள். "எல்லாப் பல்லுறுப்புக் கோவைகளும்" என்ற கணத்தில் 4ம + 7 இருக்கிறது, ஆகவே அடைவு உண்டு. "சரியாக மூன்றாம் படிக் கோவைகள் மட்டும்" என்ற கணத்தில் 4ம + 7 இல்லை, ஆகவே அந்தக் கணத்துக்குக் கூட்டலில் அடைவு இல்லை. அவள் கண்டுபிடித்தது உண்மையான விஷயம், கேள்வியில் இருந்த கணம்தான் வேறு. இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூடவே இன்னொன்று கேளுங்கள்: "மூன்று அல்லது அதற்குக் குறைந்த படி" என்று கணத்தை வைத்தால்? கூட்டலில் நிற்கும். பெருக்கலில் நிற்காது, ம² × ம² = ம⁴ என்று வெளியே ஓடிவிடும்.

இப்போது 0. அதை வெளியே தள்ளிவிட்டால் கழித்தல் உடனே உடைந்துபோகும், எந்தக் கோவையையும் அதிலிருந்தே கழிக்கலாம் அல்லவா? அதனால்தான் 0-ஐயும் உள்ளே சேர்த்துப் பூச்சியப் பல்லுறுப்புக் கோவை என்கிறோம். 5, −2 போன்ற மாறிலிகளும் உள்ளேதான். 5 என்பது 5ம⁰. ஆனால் 5-க்குப் படி 0, பூச்சியக் கோவைக்குப் படி வரையறுக்கப்படவில்லை. இந்த ஒரு இடத்தில் பிள்ளைகள் ஆண்டுதோறும் மதிப்பெண் விடுவார்கள்.

இனி முக்கியமான சங்கதி. பாடப்புத்தகத்தில் பல்லுறுப்புக் கோவைக்கு என்ன விதி? மாறியின் அடுக்குகள் 0, 1, 2, 3... என்று முழு எண்களாக இருக்க வேண்டும். கெழுக்கள், அதாவது மாறியோடு பெருகி நிற்கிற எண்கள், மெய்யெண்களாக இருக்கலாம். ஒவ்வொரு செயலும் இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும்.

கூட்டலும் கழித்தலும் அடுக்குகளைத் தொடுவதே இல்லை. (2ம² + 5ம − 1) + (4ம² − 5ம + 8) போடுங்கள். ம² உறுப்புகள் ஒன்றாகின்றன, ம உறுப்புகள் ஒன்றாகின்றன, விடை 6ம² + 7. மாறியது கெழுக்கள் மட்டும். இரண்டு மெய்யெண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் மெய்யெண்தான். புதிய அடுக்கு எதுவும் பிறக்க வழியே இல்லை.

பெருக்கலில் அடுக்குகளும் அசைகின்றன. (ம² + 3)(2ம − 5) = 2ம³ − 5ம² + 6ம − 15. பங்கீட்டு விதிப்படி ஒவ்வொரு உறுப்பும் மற்றதன் ஒவ்வொரு உறுப்போடும் பெருகும்போது அடுக்குகள் கூடுகின்றன. முழு எண்ணும் முழு எண்ணும் கூடினால் முழு எண். உறுப்புகளின் எண்ணிக்கையும் முடிவுள்ளதுதான். ஆகவே அடைவு உண்டு.

வகுத்தலில் அடுக்குகள் கழிகின்றன. ம² ÷ ம⁵ = ம⁻³. முழு எண்கள் கழித்தலில் அடைவு உடையவை அல்ல என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறாள். 2 − 5 முழு எண் இல்லை. அங்கே இருக்கிற ஓட்டைதான் இங்கே வகுத்தலில் தெரிகிறது. "ஏன்" என்று கேட்டாளே, இதுதான் ஏன்.

கடைசியாக அவளுடைய முதல் கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் செல்லும், இங்கே செல்லாது. "எந்த இரண்டை எடுத்தாலும்" என்று சொன்னபிறகு, சரியாக வருகிற எடுத்துக்காட்டை நூறு காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது. தவறிய ஒன்றைக் காட்டினால் போதும், கூற்று விழுந்துவிடும். (ம² − 1) ÷ (ம − 1) சரியாக வகுபட்டது, ஏனென்றால் ம − 1 அதன் காரணி. அதே ம² − 1-ஐ ம − 2 ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈவு ம + 2, மீதி 3.

அவள் கெட்டிக்காரி என்றால் அடுத்து இப்படிக் கேட்பாள்: "1 ÷ ம பார்க்கத்தான் பின்னம் மாதிரி இருக்கு, அதையே வேற ஏதாவது பல்லுறுப்புக் கோவையா மாத்தி எழுத முடியாதுன்னு எப்படித் தெரியும்?" நியாயமான சந்தேகம். (ம² − 1) ÷ (ம − 1)-உம் பார்க்கப் பின்னம் மாதிரிதானே இருந்தது! பதில் ஒரு வரி. அப்படி ஒரு கோவை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ம-ஆல் பெருக்கினால் 1 வர வேண்டும், ம-க்கு எந்த மதிப்புக் கொடுத்தாலும். ம = 0 போடுங்கள். இடப்பக்கம் 0, வலப்பக்கம் 1. நடக்காது. ஆகவே அப்படி ஒரு கோவை கிடையாது.


நாகலூர் டியூஷன் அக்கா:

சார், ரொம்ப நன்றி. கூட்டலில் அடுக்கு அசைவதில்லை, பெருக்கலில் கூடுகிறது, வகுத்தலில் கழிகிறது என்று மூன்று வரியாகச் சொன்னதும் எட்டாம் வகுப்புப் பையனே தலையாட்டினான். நீங்கள் சொன்ன மாதிரியே அந்தச் சந்தேகத்தையும் கேட்டாள். ம = 0 போட்டுக் காட்டியதும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் இப்போது பத்தாம் வகுப்புக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 7 ÷ 2-இல் மீதி வந்தால் நிறுத்தாமல் 3.5 என்று புள்ளி வைத்துத் தொடர்கிறோமே, பல்லுறுப்புக் கோவையில் மீதி வந்த பிறகும் அதேபோலத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?


கன்னங்குறிச்சி கணக்கு வாத்தியார்:

தாராளமாகச் செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள், அதுவும் 12ஆம் நூற்றாண்டில். பாக்தாத்தில் பிறந்த அல் சமாவல் என்ற கணித அறிஞர் கெழுக்களை அட்டவணையில் கட்டம் கட்டமாக வைத்துப் பல்லுறுப்புக் கோவைகளை வகுத்தார். நாம் இன்று பள்ளியில் போடுகிற நீள் வகுத்தலின் அதே நடைதான். அவர் எடுத்த கணக்கு ஒன்று: 20ம² + 30ம-ஐ 6ம² + 12 ஆல் வகுப்பது.

பிள்ளைகளோடு போட்டுப் பாருங்கள். 20ம² ÷ 6ம² = 10/3. அதை 6ம² + 12 ஆல் பெருக்கிக் கழித்தால் மீதி 30ம − 40. பள்ளிக்கூடக் கணக்கு இங்கே முடிந்துவிடும், மீதியின் படி வகுத்தியின் படியைவிடக் குறைந்துவிட்டது. சமாவல் நிறுத்தவில்லை. 30ம ÷ 6ம² = 5/ம. பெருக்கிக் கழித்தால் மீதி −40 − 60/ம. அடுத்த உறுப்பு −(20/3)/ம², அதற்கடுத்து −10/ம³. போய்க்கொண்டே இருக்கும். கெழுக்களை வரிசையாக எழுதுங்கள்: 10/3, 5, −20/3, −10... எந்தக் கெழுவை எடுத்தாலும் அதற்கு இரண்டு இடம் முன்னால் இருப்பதை −2 ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். இந்த ஒழுங்கையும் அவரே கண்டுபிடித்துவிட்டார், ஆகவே மேற்கொண்டு வகுக்காமலே எத்தனை உறுப்பு வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு மிகப் பிடித்த கணக்குகளில் இது ஒன்று. பாடத்திட்டத்தில் இல்லை, இருந்தாலும் ஒரு மாலை செலவழிக்கலாம்.

ஆனால் கவனியுங்கள், கிடைத்தது பல்லுறுப்புக் கோவை இல்லை. இரண்டு விதமாக விதி மீறியிருக்கிறது: அடுக்குகள் குறை எண்கள், உறுப்புகளுக்கு முடிவும் இல்லை.

இன்னொரு வழி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. முழுக்கள் (குறை எண்களும் சேர்ந்தவை) வகுத்தலில் நிற்கவில்லை என்பதால் விகிதமுறு எண்களுக்குப் போனோம். அதே மாதிரி பல்லுறுப்புக் கோவைகளிலிருந்து விகிதமுறு கோவைகளுக்குப் போகிறோம். மேலே ஒரு கோவை, கீழே பூச்சியமல்லாத ஒரு கோவை. இந்தக் கணம் நான்கு செயல்களிலும் அடைவு உடையது, பூச்சியத்தால் வகுப்பதைத் தவிர. பிள்ளைகள் விகிதமுறு கோவைப் பாடத்தைத் தனியாக ஏதோ புதுத் தொல்லை என்று நினைப்பார்கள். இந்த வழியாக உள்ளே கூட்டிப்போனால் பயம் குறையும்.


கருப்பூர் ஹாஸ்டல்வாசி:

அக்கா, நடுவில் நுழைகிறேன். இன்ஜினியரிங் படிக்கிறேன், இந்தப் பாடம் எங்களுக்கு வேறு வேஷத்தில் வந்தது.

டீக்கடையில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடு தெரியுமே. மூலையில் கிழிந்து, பால் சிந்திக் கறையாகி இருந்தாலும் பணம் போகிறது. அதற்குள் இருப்பது பல்லுறுப்புக் கோவை வகுத்தல்தான். க்யூஆர் கோடு 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் உருவானது. பிழை திருத்த அது பயன்படுத்துகிற முறையை 1960லேயே ரீட், சாலமன் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். தகவலின் ஒவ்வொரு பைட்டும் (0 முதல் 255 வரை உள்ள ஓர் எண்) ஒரு கெழு. அந்தக் கோவையின் அடுக்குகளை உயர்த்திவிட்டு, முன்பே முடிவு செய்த இன்னொரு கோவையால் வகுத்து, வருகிற மீதியைப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய பிறகு முழுக் கோவையும் அந்த வகுத்தியால் மீதியில்லாமல் வகுபடும். படிக்கும்போது வகுபடவில்லை என்றால் எங்கோ கறை. உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் வரை கெட்டாலும் மீட்டுவிடலாம்.

அடைவுப் பண்பு இங்கே எங்கே வருகிறது? சாதாரண எண்களாகப் பெருக்கினால் கெழுக்கள் 255-ஐத் தாண்டி பைட்டை விட்டு வெளியே போய்விடும். அதனால் மொத்தம் 256 எண்களே உள்ள ஒரு எண் தொகுதியைக் கெழுக்களுக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் கூட்டினாலும் பெருக்கினாலும் வகுத்தாலும் (0-ஆல் அல்ல) விடை அந்த 256-க்குள்ளேயே விழும்.

வாத்தியார் சாருக்கு ஒரு கேள்வி. கடிகாரம் மாதிரி 6 வந்தால் 0 ஆகிவிடும் என்று கெழுக்களை வைத்தால் (2ம + 1)(3ம + 1) = 6ம² + 5ம + 1, அதாவது 5ம + 1. இரண்டு ஒன்றாம் படிக் கோவைகளைப் பெருக்கியும் படி ஏறவில்லை. இது பெருக்கலின் அடைவுப் பண்பைக் கெடுக்குமா சார்?


கன்னங்குறிச்சி கணக்கு வாத்தியார்:

கெடுக்காது தம்பி. 5ம + 1 பல்லுறுப்புக் கோவைதான், கணத்தை விட்டு வெளியே போகவில்லை. கெட்டது வேறொன்று: "பெருக்கினால் படிகள் கூடும்" என்ற விதி. பூச்சியமல்லாத இரண்டு கெழுக்கள் பெருகி 0 ஆகாத இடத்தில்தான் அந்த விதி செல்லும். மெய்யெண்களில் 2 × 3 ஒருநாளும் 0 ஆகாது. அடைவு வேறு, படி விதி வேறு. நாகலூர்ப் பெண்ணும் இந்த இரண்டைத்தான் சேர்த்துப் பார்த்தாள்.

க்யூஆர் விஷயம் நல்ல சேதி. பணம் கட்டும்போது இனி அதை உற்றுப் பார்ப்பேன்.

அம்மா, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டுமானால் இந்த மூன்று கணங்களைக் கொடுங்கள், கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் சோதிக்கச் சொல்லி. இரட்டைப்படை அடுக்குகள் மட்டும் உள்ள கோவைகள் (0 அடுக்கும் சேர்த்து). ஒற்றைப்படை அடுக்குகள் மட்டும் உள்ளவை (பூச்சியக் கோவையும் இதில் உண்டு). மாறிலி உறுப்பு 1 ஆக இருப்பவை. விடையை நான் எழுதப் போவதில்லை.


அஸ்தம்பட்டி என்ஜினியர்:

சார், மூன்றாவதில் கொஞ்சம் வழுக்கப் பார்த்தேன். காகிதம் எடுக்க வேண்டியதாகிவிட்டது.


நாகலூர் டியூஷன் அக்கா:

நேற்று மழை மூட்டம், கரண்டும் இல்லை, மெழுகுவர்த்தி வைத்துப் போட்டார்கள். இரட்டைப்படை இரண்டிலும் நிற்கிறது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒற்றைப்படை கூட்டலில் நிற்கும், ம × ம = ம² என்பதால் பெருக்கலில் உடையும் என்றான் எட்டாம் வகுப்புப் பையன். மூன்றாவதில் சண்டை. பெருக்கலில் உடைகிற கணம் கூட்டலில் நிற்கலாம், கூட்டலிலேயே உடைகிற கணம் பெருக்கலில் எப்படி நிற்கும் என்று பத்தாம் வகுப்புக்காரர்கள் சாதித்தார்கள். அந்தப் பெண் (ம + 1)(3ம² + 1) விரித்துக் காட்டினாள்: 3ம³ + 3ம² + ம + 1. மாறிலி 1 × 1, அதனால் எப்போதும் 1; கூட்டினால் 1 + 1 = 2, வெளியே. அதோடு சண்டை முடிந்தது.

பிறகு அவளாக ஒரு கணம் செய்து உங்களிடம் கேட்கச் சொன்னாள் சார். "ம = 2 போட்டால் 0 வருகிற கோவைகள்." கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றிலும் நிற்கிறது என்கிறாள். எனக்கும் சரி என்றுதான் தோன்றுகிறது. சரியா?


கன்னங்குறிச்சி கணக்கு வாத்தியார்:

சரி. 0 + 0, 0 − 0, 0 × 0 மூன்றும் 0 என்பதுதான் அதற்கு நிரூபணம், வேறொன்றும் எழுத வேண்டாம். காரணித் தேற்றம் நடத்தியிருந்தால் அந்தக் கணம் என்னவென்றும் அவளே சொல்லிவிடுவாள்: ம − 2-ஐக் காரணியாகக் கொண்ட கோவைகள் எல்லாம், பூச்சியக் கோவையும் சேர்த்து.

அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அந்தக் கணத்திலிருந்து ஒன்றையும், அதற்கு வெளியே இருந்து ஏதாவது ஒரு கோவையையும் எடுத்துப் பெருக்கினால் விடை எங்கே விழும்? ம − 2-ஐ ம + 5 ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். உள்ளேயேதான் விழும், வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும். சாதாரண அடைவுப் பண்பு இவ்வளவு கேட்பதில்லை, இரண்டும் உள்ளே இருந்தால் விடையும் உள்ளே என்று மட்டும்தான் சொல்கிறது. அவள் செய்த கணம் அதைவிடக் கெட்டியானது. அதற்கு முன்னால் நான் கொடுத்த இரட்டைப்படைக் கணத்தில் இதே சோதனையைச் செய்தால் உடைந்துவிடும்: ம² உள்ளே, ம வெளியே, பெருக்கினால் ம³.